வெயில் காலத்தில் நாய்க்கு வரும் தோல் வியாதிகள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் உண்டு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய்கள் நாலைந்துக்கும் சோறு வைப்பேன். தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், தண்ணி பிடிக்கும் பீலிக்கரையிலும் பஸ்ஸிலும் என்னை நிறுத்தி ஒரே கேள்விதான்: "அக்கா, நாய் சொறிஞ்சிக்கிட்டே இருக்கு, என்ன பூசலாம்?"

நான் மிருக வைத்தியர் இல்லை. நாய்களைத் தூக்கிக்கொண்டு வைத்தியர்களிடம் போய் வந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். என்ன பூசலாம் என்று கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, ஏன் சொறிகிறது என்று பார்த்தீர்களா என்பதுதான். அது தெரியாமல் பூசுகிற எதுவும் நாய்க்கு உதவாது.

நம்ம ஊர் குளிர் ஊராச்சே, இங்க என்ன வெயில் கால வியாதி?

இரவுக் குளிரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேற்குப் பக்கத்தில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாவில், ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. விடியற்காலையில் பனி கொட்டும், பகல் பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஏப்ரலில் அந்தச் சூட்டோடு பின்னேர மழையும் சேரும். ஊவாப் பக்கம் வேறு மாதிரி. பதுளை, பண்டாரவளை, வெலிமடையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றும் வறட்சியும். ஆக ஒரே மலைநாட்டில் வெயில் காலம் இரண்டு தடவை, இரண்டு இடத்தில் வருகிறது.

உயரமும் ஒரு காரணம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம். காற்று குளிராக இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாய்க்குக் காது நுனியும் மூக்கும் எரிந்து தோல் உரியும். வருஷக்கணக்கில் அப்படியே எரிந்தால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். பகல் பதினொன்று முதல் மூன்று வரை அதற்கு நிழல் வேண்டும்.

நாய்னா சொறியத்தானே செய்யும்? எப்ப கவலைப்படணும்?

எழுந்ததும் இரண்டு தடவை காதைச் சொறிவது ஒன்றுமில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொறிந்தால், ராத்திரி தூக்கம் விட்டு எழுந்து சொறிந்தால், முடி கொட்டித் தோல் தெரிந்தால், தோல் சிவந்தோ கறுத்தோ தடித்தோ போனால், கிட்டப் போகும்போது நாற்றம் அடித்தால் பார்க்க வேண்டும். சொறிவதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைச் சாக்கில் தேய்ப்பது, குண்டியைத் தரையில் இழுப்பது எல்லாம் அரிப்புதான். வெள்ளை நாயின் பாத முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால், அது எச்சில் கறை. யாரும் பார்க்காதபோது மணிக்கணக்கில் நக்கியிருக்கிறது.

எந்த இடத்தில சொறியுதுன்னு பாக்கச் சொல்றீங்களே, அதில என்ன தெரியும்?

பாதி விஷயம் அதிலேயே தெரியும். வால் தொடங்கும் இடம், முதுகின் பின்பாதி, பின்தொடையின் உள்பக்கம் என்றால் முதலில் தெள்ளு. காது விளிம்பு, முழங்கை, வயிறு என்றால் சொறிப்பூச்சி. குட்டியின் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்காலிலும் அதிகம் அரிக்காமல் முடி மட்டும் போனால் வேறு வகைச் சொறி, அதைக் கீழே சொல்கிறேன். பாதம், அக்குள், காதின் உள்பக்கம் என்றால் ஒவ்வாமை. வட்டமாக முடி போய்ச் செதில் இருந்தால் படை.

சொறிப்பூச்சிக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. காது மடலின் ஓரத்தை விரலால் மடித்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பின்கால் தானாகச் சொறிகிற மாதிரி ஆடினால் சந்தேகம் பலமாகிறது. அதை வைத்தே முடிவு கட்ட முடியாது. வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார், அதிலும் சில சமயம் பூச்சி அகப்படாது.

தெள்ளு ஒண்ணுகூட கண்ணுல படலையே. எப்படித் தெள்ளுன்னு சொல்றீங்க?

வெள்ளைக் கடதாசி ஒன்றை ஈரமாக்கித் தரையில் விரியுங்கள். நாயை அதன் மேல் நிறுத்தி, வால் பக்கம் முடியை எதிர்ப்பக்கமாகக் கையால் கோதி விடுங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளி விழுந்து, ஈரம் பட்டதும் செம்மண் நிறமாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. செரித்த இரத்தம். புழுதி என்றால் நிறம் கசியாது.

சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. அவை விடாமல் நக்கியும் கடித்தும் கண்ணில் படுகிற தெள்ளையெல்லாம் விழுங்கிவிடும், அதனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அப்படி விழுங்கும் தெள்ளில் இருந்து நாடாப்புழுவும் வரும். வால் அடியில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது புழுவின் துண்டு. புழு மாத்திரையும் கொடுக்க வேண்டும்.

மருந்து போட்டேன், ரெண்டு வாரத்தில திரும்ப வந்திருச்சு. மருந்து போலியா?

பெரும்பாலும் மருந்தில் குறை இல்லை, படுக்கையில்தான் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். முட்டை நாயில் ஒட்டி நிற்காது, உதிர்ந்துவிடும். நாய் படுக்கும் சாக்கு, இஸ்தோப்பு (வாசல் திண்ணை) விரிசல், விறகு அடுக்கின் அடி, காம்பராவின் (லயத்து அறையின்) மண்தரை எல்லாம் அதன் தொட்டில். நாயின் மேல் காண்பது மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப்புழு கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். நடமாட்டமும் உடல் சூடும் தெரிந்தால்தான் வெளியே வரும்.

அதனால் சாக்கை எரித்துவிடுங்கள், அல்லது கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். மூலை முடுக்கெல்லாம் தினமும் கூட்டி, கூட்டியதைக் கொளுத்துங்கள். வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும். அதைத் தொடர்ந்து மூன்று மாதமாவது செய்தால்தான் கூட்டுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்து முடியும். ஒன்றை மறக்காதீர்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. பூனைக்கு என்று கேட்டுத் தனியாக வாங்குங்கள்.

உண்ணியைக் கையால பிடுங்கலாமா? நெருப்பு வச்சா விட்டிரும்னு சொல்றாங்க.

நெருப்பும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணியில் அல்லது ஸ்பிரிட்டில் போட்டால் சாகும். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் தேடுங்கள். மாட்டுப்பட்டியில் படுக்கும் நாய்க்கு மாட்டில் இருந்தும் ஏறும். உண்ணி சுவர் விரிசலிலும் முட்டை இடும், ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில். போன பதிலில் படுக்கைக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

உண்ணி தோலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கிருமியை விட்டுப் போகும். நாய் சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடந்தால், உதட்டைத் தூக்கிப் பார்க்கும்போது முரசு வெளிறியிருந்தால், சிறுநீர் சாயத் தண்ணி நிறத்தில் போனால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் கைதவறிப் போகும்.

நேத்து நல்லாத்தான் இருந்திச்சு. காலைல பார்த்தா கன்னத்தில உள்ளங்கை அளவு முடி போய் ஈரமாச் செவந்து கெடக்கு!

பயப்படாதீர்கள், இது ஒரே இரவில் வரக்கூடியதுதான். தெள்ளுக்கடி, காதுவலி, நனைந்து காயாத முடி, ஏதோ ஒன்று அந்த இடத்தை அரிக்க வைக்கும். நாய் விடாமல் நக்கிச் சொறிந்து தோலைப் புண்ணாக்கும். அந்த ஈரத்தில் கிருமி பெருகும். அல்சேஷன், லெப்ரடோர் மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய்க்கு ஏப்ரல் மழையில் இது அதிகம்.

முதலில் சுற்றியுள்ள முடியை வெட்டிக் காற்றுப் பட விடுங்கள். பொவிடோன் அயடீனைத் தண்ணியில் கலந்து, மெல்லிய பிளேன்டீ நிறம் வந்ததும் பஞ்சால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடையுங்கள். துடைத்த பிறகு சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்வதுதான் இதற்கு மருந்து, அதனால் எண்ணெயோ கொழகொழப்பான களிம்போ பூசக்கூடாது, கட்டுப் போடவும் கூடாது. நக்க முடியாமல் கழுத்துக்குப் புனல் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி மாட்டலாம். இரண்டு நாளில் காயத் தொடங்காவிட்டால், பரவினால், சீழ் வைத்தால் வைத்தியர்தான் பார்க்க வேண்டும். நோவு கடுமையாக இருக்கும். துடைக்கும்போது எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கலாம், அதன் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள்.

சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசினாப் போயிரும்னு கராஜ்ல குடுத்தாங்க. பூசவா?

தயவுசெய்து வேண்டாம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எண்ணெய் மூச்சை அடைத்துச் சில பூச்சியைக் கொல்லலாம், அதைப் பார்த்துத்தான் சனங்கள் நம்புகிறார்கள். ஆனால் கழிவு ஒயிலில் ஈயம் போன்ற உலோகங்களும் பெற்றோலிய நஞ்சும் இருக்கும். வெந்த தோல் வழியாக அது உள்ளே போகும். மிச்சத்தை நாய் நக்கி விழுங்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். மண்ணெண்ணெயும் இப்படித்தான், தோலைப் பொசுக்கிவிடும்.

இதைவிடக் கொடியது மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. எங்கள் பக்கத்து லயத்தில் மணி என்று ஒரு நாய் இருந்தது. உண்ணிக்கென்று கோவாவுக்கு (முட்டைக்கோசுக்கு) அடித்த மருந்தின் மிச்சத்தைத் தண்ணியில் கலந்து தேய்த்தார்கள். அரை மணி நேரத்தில் எச்சில் ஒழுகியது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. டவுனுக்குப் போக வாகனம் பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. தேய்த்தவர் கெட்டவர் இல்லை, மணிக்குத் தன் தட்டில் இருந்து சோறு வைத்தவர். அவர் அழுததை நான் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கேள்விக்கு மட்டும் கோபமாகப் பதில் சொல்கிறேன்.

ஏற்கெனவே ஒயில் பூசியாகிவிட்டதா? நக்க விடாமல், பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். தோட்ட மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு அப்படியே கழுவி, உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

அப்ப சொறிக்கு என்னதான் மருந்து? ரெண்டு வகை இருக்குன்னும் சொல்றாங்க.

ஆமாம். ஒன்று தோலைத் துளைத்துப் போகும் பூச்சி. பயங்கர அரிப்பு, நாய்க்கு நாய் ஒட்டும். காது விளிம்பில் பொருக்குத் தட்டும். மற்றது முடிக்குழிக்குள் வாழும் பூச்சி. தாயிடம் பால் குடிக்கும் முதல் நாட்களிலேயே குட்டிக்கு வந்துவிடும், பெரும்பாலான நாய்களில் சும்மா இருக்கும். உடம்பு பலவீனமானால்தான் பெருகும். அது அடுத்த நாய்க்கோ மனிதருக்கோ ஒட்டாது. குட்டியில் ஓரிரண்டு இடம் என்றால் நல்ல சாப்பாடும் புழு மாத்திரையும் கொடுக்க, தானாகவே ஆறுவதும் உண்டு. வயதான நாயில் திடீரென்று வந்தால் உள்ளே வேறு ஏதோ நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது அஃபொக்ஸோலனர், ஃபுளூரலனர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. நாயின் எடைக்கேற்ப ஒன்று கொடுத்தால் முதலாவது சுமார் ஒரு மாதம், இரண்டாவது சுமார் மூன்று மாதம் தெள்ளையும் உண்ணியையும் தடுக்கும். இரண்டு வகைச் சொறிக்கும் வைத்தியர்கள் இவற்றைக் கொடுக்கிறார்கள். வலிப்பு வரும் நாய் என்றால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஒட்டும் வகைக்கு வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் சேர்த்துத்தான் வைத்தியம்.

மாட்டுக்குப் போடுற ஊசி மருந்து வீட்டில இருக்கு. அதையே நாய்க்குக் கொஞ்சம் போடலாமா?

ஐவர்மெக்டினைச் சொல்கிறீர்கள். வைத்தியர்கள் நாய்ச் சொறிக்கு அதைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் அந்தப் போத்தல் 50 கிலோ மாட்டுக்கு ஒரு மில்லிலீட்டர் என்ற கணக்கில் செய்தது. பத்துக் கிலோ நாய்க்கு கண் அளவில் எடுத்தால் பல மடங்கு கூடிவிடும். கொலி இனத்து நாய்களுக்கும் அதன் கலப்புகளுக்கும் பிறவியிலேயே ஒரு குறை இருக்கலாம், மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். தள்ளாடி, எச்சில் வடித்து, கண் தெரியாமல் விழும். நம் நாய்களின் கலப்பு யாருக்குத் தெரியும்? ஊசி வைத்தியர் கையில் இருக்கட்டும்.

எங்க புள்ளைக்கும் கையில அரிக்குது. நாய்கிட்ட இருந்து வந்ததா?

இருக்கலாம். ஒட்டும் வகைச் சொறி நாயைத் தூக்குகிற கை, வயிறு, தொடையில் சிவப்புப் பொட்டாக வரும். அந்தப் பூச்சி மனிதத் தோலில் பெருகாது, நாய் குணமானால் சில வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மனிதச் சொறியாகவும் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வட்டமாக ஓரம் சிவந்து வந்தால் படை. அது பூஞ்சணம், இரு பக்கமும் ஒட்டும், குணமாகப் பல வாரம் எடுக்கும். பிள்ளையைத் திட்டாதீர்கள், நாயையும் துரத்தாதீர்கள். இரண்டு பேருக்கும் வைத்தியம் இருக்கிறது.

வயிறும் பாதமும் மட்டும் செவந்திருக்கு. வேற எங்கயும் இல்ல.

முடி குறைந்த இடங்கள் அவை. ஏதோ ஒன்றின் மேல் படுத்திருக்கிறது அல்லது நடந்திருக்கிறது. களைநாசினி அடித்த தேயிலை மலைக்குள் போய் வந்ததா, உரச்சாக்கில் படுக்கிறதா, குளிருக்கு அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். ஈரம் பட்ட சாம்பல் காரமாகித் தோலை அரித்துவிடும். வெறும் தண்ணியில் கழுவித் துடைத்து, படுக்கையை மாற்றினாலே பல நாய்க்கு ஒரு கிழமையில் சரியாகிவிடும்.

வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய்?

வேப்பிலை அவித்த தண்ணியை ஆறவைத்துக் கடைசியாக ஊற்றினால் லேசான அரிப்புக்குச் சுகம் தரும். சொறியை அது குணமாக்காது. காய்ந்த பாதத்துக்கும் மூக்குக்கும் தேங்காய் எண்ணெய் ஒரு துளி போதும். ஈரப்புண்ணில் கூடாது. மஞ்சளால் கெடுதல் குறைவு, ஆனால் பற்றுப் போட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

எத்தனை நாளைக்கு ஒருக்காக் குளிப்பாட்டணும்? நம்ம சவர்க்காரம் போடலாமா?

நல்ல தோல் உள்ள நாய்க்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை போதும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் வேறு. நம் சவர்க்காரமும் துணி சவர்க்காரமும் அதைக் காய வைத்துவிடும். டெட்டோலைத் தண்ணி கலக்காமல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தோலை வேக வைக்கும்.

எப்போது குளிப்பாட்டுகிறீர்கள் என்பது இங்கே முக்கியம். காலை பத்து பதினொரு மணிக்கு, வெயில் உள்ள நாளில். பின்னேரம் பீலித் தண்ணியில் நனைத்துவிட்டால் குளிரில் விடிய விடியக் காயாது. அக்குளையும் தொடையிடுக்கையும் துவாயால் நன்றாகத் துடையுங்கள்.

குளிப்பாட்டி ரெண்டே நாள்ல திரும்ப நாத்தம். தோலும் பிசுபிசுன்னு கறுத்துப் போச்சு.

அழுக்கில்லை, தோலில் எப்போதும் இருக்கும் ஈஸ்ட் பெருகிவிட்டது. காதுக்குள்ளும் கறுப்பு மெழுகு இருக்கும், தலையை உதறும். குளோர்ஹெக்சிடினும் மைக்கொனசோலும் கலந்த ஷாம்பூ பாமசியில் அல்லது வைத்தியரிடம் கிடைக்கும். கிழமைக்கு இரண்டு தடவை போட்டு, நுரையைப் பத்து நிமிஷம் விட்டுத்தான் கழுவ வேண்டும். உடனே கழுவினால் காசு வீண். முன்னால் சொன்ன குளிப்புக் கணக்கு இதற்குப் பொருந்தாது, இது மருந்துக் குளிப்பு.

வெயிலுக்கு முடிய மழிச்சு விட்டா நல்லதுதானே?

இல்லை. அடியில் பஞ்சு முடி உள்ள நாய்க்கு அந்த முடிதான் வெயிலைத் தடுக்கிறது. மழித்தால் தோல் எரியும், ராத்திரி நடுங்கும், முடி பழையபடி வளராமலும் போகலாம். தினமும் சீவி உதிர்ந்த முடியை எடுத்துவிடுங்கள்.

நமக்குப் போடுற களிம்பு, பனடோல் குடுக்கலாமா?

வேண்டாம். நம் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். படையையும் சொறியையும் அது மறைத்து வளர்க்கும். துத்தநாகம் உள்ள களிம்பையும் கலமைனையும் நக்கினால் நஞ்சு. பனடோல் ஈரலைக் கெடுக்கும், பூனைக்குக் கொடுத்தால் உயிரே போகும். இபுபுரோஃபென் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

புண்ணில புழு வச்சிருச்சு. கற்பூரம் வைக்கச் சொல்றாங்க.

ஈ முட்டை இட்டு ஒரு நாளுக்குள்ளேயே புழு வெளியே வந்து சதைக்குள் போகும். கற்பூரமும் பெற்றோலும் நாய்க்கு நஞ்சு. புண்ணும் மேலும் வேகும். முடியை வெட்டி, உப்புத் தண்ணியால் கழுவி, தெரிகிற புழுவை இடுக்கியால் எடுத்துவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். வெளியில் ஓட்டை சின்னதாக இருக்கும், உள்ளே பை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் எடுத்தோம் என்று நம்பக்கூடாது.

எல்லாம் செஞ்சாச்சு அக்கா. தெள்ளும் இல்ல, சொறியும் இல்ல. வருஷா வருஷம் இதே மாசத்தில திரும்ப வருது.

அப்படியென்றால் ஒவ்வாமை. மகரந்தம், புல், தூசிப்பூச்சி ஏதாவது ஒன்று. குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வந்து போனால் வெளிக்காற்றில் உள்ளது. வருஷம் பூராவும் இருந்தால் சாப்பாட்டையும் சந்தேகிக்கலாம். சாப்பாட்டைச் சோதிக்க, இதுவரை தின்னாத ஓர் இறைச்சியும் ஒரு கிழங்கும் மட்டும் எட்டுக் கிழமை கொடுக்க வேண்டும். ரொட்டித்துண்டு, கருவாட்டுத்தலை, பால், பிஸ்கட் ஒன்றும் கூடாது. பிள்ளைகளும் அயலாரும் ஒத்துழைத்தால்தான் நடக்கும். குறைந்தால், பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து எதில் அரிப்பு வருகிறது என்று பாருங்கள்.

காற்றில் உள்ள ஒவ்வாமையை வேரோடு தீர்க்க முடியாது, கட்டுப்படுத்தலாம். கொப்பியில் தேதி, எந்த இடம், அன்று என்ன சாப்பிட்டது, எங்கே போனது என்று எழுதி வையுங்கள். வைத்தியருக்கு அந்தக் கொப்பி பெரிய உதவி. அரச மிருக வைத்திய அலுவலகங்களில் மாட்டு வேலைதான் அதிகம், ஆனாலும் நாயையும் காட்டலாம். சிக்கலான தோல் நோய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

லயத்து நாய், யாருக்கும் சொந்தமில்ல. தொட விடாது. பார்க்கவும் முடியல.

இப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. தொட முடியாத நாய்க்குக் குளிப்பும் களிம்பும் ஆகாது, மாத்திரைதான் வழி. தூரத்தில் இருந்து படம் எடுத்து, உத்தேச எடையோடு வைத்தியரிடம் காட்டி, அவர் தரும் மாத்திரையைக் கருவாட்டிலோ ஈரலிலோ வைத்துக் கொடுங்கள். மற்ற நாய் பறிக்காமல், விழுங்கும் வரை நின்று பாருங்கள். காசு கூடத்தான், ஆனால் ஐந்தாறு வீடு சேர்ந்தால் தாங்கும்.

பிடிக்கப் போய்க் கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணியும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி போடுங்கள், அது இலவசம். எங்கள் லயத்தில் சிவப்பி என்று ஒருத்தி, உடம்பில் முடியே இல்லாமல் வந்தாள். இரண்டு மாதம் மாத்திரை, ஒரு வேளைச் சோறு. இன்னும் தொட விடமாட்டாள். முதுகில் மட்டும் செம்பட்டை முடி முளைத்துவிட்டது. காலையில் கொழுந்துக்குப் போகிறவர்களின் பின்னால் மலை வரைக்கும் நடக்கிறாள்.